மூணு எண்ணும் வரை

அன்று பிற்பகல் நவமணிக்கு ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. அதுதான் முதல் தப்பு.

இரண்டு வருஷமாக அவளுக்கு எந்தக் குரலும் தெளிவாகக் கேட்டதில்லை. புருஷன் சுப்பையா பேசினால் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். நிபோங் திபாலிலிருந்து மகள் வந்து பேசினால் அதுகூட இருக்காது, உதடு மட்டும் அசையும். காதுக்குள் எப்போதும் ஓர் இரைச்சல், அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வருமே அந்த ஓசை, ராத்திரி பகல் என்றில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அவள் அடுப்படியில் குனிந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் செதிலும் புளி வாடையும். அந்த இரைச்சலை விலக்கிக்கொண்டு, பின்கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று சொல்வதுபோல், யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள்.

நவமணி.

சுப்பையாவின் குரல்தான். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து விடும் பழக்கம் உள்பட அவருடையதேதான். கையை உதறிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். வாசற்படி காலி. மாடிப்படியில் ஆள் ஏறினால் பலகைத் தரை அதிர்ந்து காலுக்குத் தெரியும். தரை சும்மா இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பது. அவர் தீவுக்கும் அக்கரைக்கும் ஓடும் பெர்ரிக் கப்பலில் கயிறு போடுகிற வேலையில் இருந்தார். அந்த நேரத்துக்கு அவர் நடுக்கடலில் இருக்க வேண்டும்.

பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஒரு தடவைதானே கூப்பிட்டது.

அவள் பிறந்த எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு அது. விளக்கு வைத்த பிறகு யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்டுவிடக் கூடாது. மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷன். மற்றதற்கெல்லாம் மூன்றாவது தடவை வாய் வராது என்பார்கள். ஒன்றுக்கோ இரண்டுக்கோ பதில் கொடுத்துவிட்டால் அது உள்ளே வர நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. நவமணி அதையெல்லாம் முழுசாக நம்பினவள் இல்லை. ஆனால் இந்த இரண்டு வருஷமாக அந்தக் கட்டுப்பாடுதான் அவள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தறி மில்லில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து நின்றவள் அவள். நூற்றுச் சொச்சம் தறி ஒன்றாக ஓடும் கூடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அதனால் காது போனது அவளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மேல்மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். ஐந்து வேளையும் வீட்டுக்குள் வந்து விழும் பாங்குச் சத்தம் ஒரு மாதமாகக் கேட்கவில்லையே என்று, கீழே தையல் மிஷின் போட்டிருக்கும் வீட்டுக்காரி ஆயிஷாவிடம் போய், ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டாள். ஆயிஷா ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு அவளையே ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நவமணிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்று இருந்தது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்டுக்கொள்வதில்லை.

மில்லுக்கு வருஷம் ஒரு தடவை வரும் டாக்டர் காதைச் சோதித்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷின் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மெதுவாக, உதட்டை நன்றாகத் திறந்துதான் அந்த மனுஷன் பேசினார். இப்படியே விட்டுவிட்டால் வெளிச் சத்தம் வராத காதுக்குள் மூளையே சத்தம் உண்டாக்க ஆரம்பித்துவிடும், கூட இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தூரமாகப் போய்விடுவார்கள் என்றார். நவமணி சரி, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். கடிதத்தை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். அவளுக்கு முன்னால் ஜன்னத் என்ற பெண் காதில் மிஷின் வைத்துக்கொண்டு வந்ததும், அவளைத் தறியிலிருந்து எடுத்துக் கழிவு நூல் பிரிக்கிற மூலையில் போட்டார்கள். மொத்தக் கூடமும் அவளை டெலிபோன் என்று கூப்பிட்டது. தன் புருஷன் வாயால் அப்படி ஒரு பெயர் கேட்பதற்குச் செத்துப்போகலாம் என்று நவமணி நினைத்தாள்.

சுப்பையா அப்படிக் கூப்பிடுகிற ஆளே இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் வெட்கம் விடவில்லை.

அவரிடம்தான் மறைப்பது கஷ்டமாக இருந்தது. மற்றவர்களின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துவிடுவாள், மீதிக்குச் சரி, சரி. சுப்பையாவுக்கோ மேலுதட்டை முழுசாக மூடும் அடர்ந்த மீசை. அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன ஒரு நாள், என்னதான் ஆச்சு உனக்கு என்று முகத்துக்கு நேரே வந்து நின்றபோது, அவள் வாயில் அந்தப் பொய் தானாக வந்தது: பகலோ ராத்திரியோ, மூணு தடவை கூப்பிட்டால்தான் இனிமேல் பதில் சொல்வேன், எங்க அம்மா கனவில் வந்து சொன்னாங்க என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளிலிருந்து அதையே விளையாட்டாக்கிவிட்டார். வேலை விட்டு வந்து முற்றத்தில் நின்று, அண்ணாந்து பார்த்துக் கத்துவார்: "நவமணி, ஒண்ணு. நவமணி, ரெண்டு. நவமணி, மூணு. இப்பவாச்சும் வரலாமா, மகாராணி?" மூன்றாவது எண்ணும்போது மாடிப்படியின் மரக் கைப்பிடியை ஓங்கித் தட்டுவார். அந்த அதிர்வு பலகை வழியாக அவள் பாதத்துக்கு வரும். உடனே எட்டிப் பார்த்து, தோ வர்றேங்க என்பாள். கீழே ஆயிஷாவுக்கும் அது பழகிப்போயிற்று. சந்து முழுக்க அது ஒரு வேடிக்கை. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் டாக்டர் சொன்னது நடந்துகொண்டுதான் இருந்தது. முன்பெல்லாம் சுப்பையா சாப்பிட உட்கார்ந்தால் பெர்ரி கதைகளை அவிழ்த்துவிடுவார். லாரியிலிருந்து தப்பிய கோழிகள் எஞ்சின் அறைக்குள் புகுந்தது, கடல்மேல் பாலம் திறந்த மறுவாரமே காரெல்லாம் அங்கே ஓடிப்போய்ப் பெர்ரி காலியாகப் போனது. அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் உச்சுக் கொட்டினாள். உச்சுக் கொட்ட வேண்டிய இடத்தில் சிரித்தாள். அவர் கதைகளைச் சின்னதாக்கினார். பிறகு சொல்வதையே விட்டுவிட்டார். பெண்டாட்டிக்குத் தன்மேல் ஆசை விட்டுப்போச்சு என்று அந்த மனுஷன் நினைத்துக்கொண்டதை அவர் தோளைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை.

குரல் முதலில் வந்தது அந்த ஒன்று ஐம்பதுக்கு. அதற்குப் பிறகு தினமும் வந்தது.

அவள் பாசாரிலிருந்து வந்து கூடையை இறக்கும்போது ஒரு தடவை. துணி காயப்போட ஜன்னலுக்கு வெளியே மூங்கிலை நீட்டும்போது ஒரு தடவை. மிளகாய் வறுத்த நெடியும், கீழிருந்து ஏறிவரும் தையல் மிஷின் எண்ணெய் வாடையும் கலந்து நிற்கும் அந்த இருட்டு நடையில், வெயில் ஒரு கோடாக விழும் இடத்தைத் தாண்டும்போது ஒரு தடவை. எப்போதும் ஒரே குரல், அவளுடைய பெயர் மட்டும். எப்போதும் ஒரே தடவை. சுப்பையா வீட்டில் இல்லாத நேரமும் உண்டு. எதிரில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்த நேரமும் உண்டு. அன்றைக்கு அவள் அவர் வாயையே பார்த்தாள். மீசைக்குக் கீழே உதடு அசையவில்லை, கண் வரியின்மேல் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் அவள் காதுக்குள் கடைசி எழுத்தை இழுத்து விட்டது.

யாரிடம் சொல்வது? சொன்னால் காது விஷயமும் சேர்ந்து வெளியே வரும். அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். நிஜமான மனுஷக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்காது. தெளிவாகக் கேட்டால் அது பொய். தெளிவாக எது கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நிற்பாள், அது போகும் வரை. மூன்றாவது தடவை அது ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

இதற்கிடையில் ஒரு சாயங்காலம் சுப்பையா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். கதை சொல்வதை விட்ட பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்கவில்லை. பேச்சு நின்றது போலத் தோன்றியதும், சரி, சரி என்றாள். அவர் திரும்பி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். என்ன சொன்னீங்க என்று பின்னாலேயே ஓடிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை.

காலையிலிருந்தே மேகம் கட்டிக்கொண்டு நின்றது. இரண்டரை மணிக்கு மழை பிடித்தது. நவமணிக்கு மழையின் சத்தம் கிடையாது. தகரக் கூரையின் நடுக்கம் சுவர் வழியாக முழங்கைக்கு வரும், முற்றத்துச் சிமெண்டில் தண்ணீர் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும், ஈர மண்ணும் சாக்கடையும் கலந்த வாடை ஏறிவரும். அதுதான் அவளுக்கு மழை. சுப்பையா நனைந்தபடி வந்தார், துண்டை எடுத்துக்கொண்டு கீழே குளிக்கப் போனார். முற்றத்தைத் தாண்டிக் கடைசியில் இருக்கிறது குளியலறை, சிமெண்டுத் தொட்டியும் தகரக் கதவுமாக. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கதவு நேர் கீழே தெரியும். சாரல் அடிக்கிறது என்று அவள் ஜன்னலைச் சாத்தியிருந்தாள். ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்தாள்.

நவமணி, ஒண்ணு.

கை நின்றது. இவ்வளவு தெளிவாக அது வந்ததே இல்லை. இத்தனை நாளும் பெயரோடு நின்றது, இன்றைக்கு எண்ணவும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. அவருடைய விளையாட்டைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறது. திரும்பாதே. அம்மிக் குழவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நவமணி, ரெண்டு.

இந்தத் தடவை மூச்சு வாங்கியது போல் இருந்தது. கெஞ்சுவது போலவும் இருந்தது. அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள். வாயைத் திறக்காதே. மூணாவது சொல்லட்டும். சொல்லட்டும் பார்க்கலாம்.

காத்திருந்தாள். இரைச்சல் மட்டும். கூரை நடுக்கம். பூண்டு வாடை. மணி மூன்று இருபது.

மூன்றாவது வரவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். அதைப் பிறகு நினைத்து நினைத்துத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள், ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ரசம் நுரைகட்டியதும் இறக்கினாள். அப்பளம் பொரித்தாள். தட்டை எடுத்து வைத்த பிறகுதான், இன்னும் குளிக்கிறாரே என்று ஜன்னலைத் திறந்தாள். தகரக் கதவுக்கு அடியில் ஒரு கை வெளியே நீண்டு கிடந்தது. விரல்மேல் மழை துள்ளிக்கொண்டிருந்தது. அவர் குளிக்கிற தகரக் குவளை கையருகே நசுங்கிக் கிடந்தது. அதால் கதவை அடித்திருக்கிறார்.

மணி மூன்று ஐம்பத்தைந்து.

ஆயிஷாவும் பக்கத்துக் கடை ஆட்களும்தான் தூக்கி வந்தார்கள். தெருமுனைக் கிளினிக்கிலிருந்து வந்த டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். நெஞ்சடைப்பு. ஆயிஷா சுவரோடு சாய்ந்து நின்று அழுதுகொண்டே பேசியதை நவமணி அவள் உதட்டிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தாள்.

"எனக்குக் கேட்டுச்சுலா, நவமணி. ஒண்ணுன்னாரு, ரெண்டுன்னாரு. வழக்கமா விளையாடுறாருன்னு இருந்துட்டேன். மூணு கேக்கல. நீ எறங்கி அவருக்கிட்ட போயிட்டேன்னு நெனச்சேன்."

அப்போது நவமணி அழவில்லை. அழுகை வரும் இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஆயிஷாவுக்கும் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் அது பொய்க் குரல் இல்லை. அது அவர். தெளிவாகக் கேட்டது அவர்தான்.

மகள் ருக்குமணியும் மருமகன் பக்கிரிசாமியும் நிபோங் திபாலிலிருந்து பொழுது சாய வந்து சேர்ந்தார்கள். ருக்குமணி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதவள், திடீரென்று விலகி முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள். நெஞ்சு வலிக்குதுன்னு அப்பா உங்கக்கிட்ட சொன்னாராமே, ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றியான்னு கேட்டாராமே, நீங்க சரி சரின்னுட்டுக் கீரையைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களாம், போன ஞாயிற்றுக்கிழமை போன்ல சொல்லி வருத்தப்பட்டாரு என்றாள். அவள் உதடு நடுங்கியதால் அங்கங்கே விட்டுப்போயிற்று. போதும், விஷயம் புரிந்துவிட்டது. நவமணி அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்த பாவமெல்லாம் ஒரே நாளில் முகவரி விசாரித்துக்கொண்டு வந்து நின்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுப்பதாக முடிவாயிற்று. காலையில் குளிப்பாட்டினார்கள். சடங்கு செய்ய வந்த பண்டாரம் சொல்லச் சொல்ல அவள் எண்ணெய் வைத்தாள். நெற்றி ஐஸாக இருந்தது, கையும் அப்படித்தான். அக்குளுக்குக் கீழே விரல் பட்டபோது மட்டும் அவ்வளவு குளிர்ச்சி இல்லை. வெந்நீர் ஊற்றினதால் இருக்கும் என்று நினைத்தாள். பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். நாவிதர் வந்து முகத்தை மழித்து, மீசையை ஒட்ட வெட்டிவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவள் அந்த மேலுதட்டை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மெல்லிய உதடு. இப்படி இருந்திருந்தால் எல்லாமே புரிந்திருக்குமே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

சவப்பெட்டி கூடத்தில் இருந்தது. சாம்பிராணிப் புகை. வாடத் தொடங்கிய மல்லிகை. வெளியே சந்தில் உறுமி அடித்தார்கள். அவளுக்கு அது விலா எலும்பில் மட்டும் கேட்டது. சுற்றிலும் வாய்கள் திறந்து திறந்து மூடின. அவள் ஒரே ஒரு வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. ஒரு மணி நேரம் இமைக்காமல் பார்த்தாள். அசையவில்லை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் பிந்தி, மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் நிழல் காலிலிருந்து ஏறியது. வேட்டி. மாலை. மோவாய். நிழல் உதட்டைத் தொட்டபோது, உதடு பிரிந்தது போல் இருந்தது. நிழலாகவும் இருக்கலாம். மூடி இறங்கிவிட்டது. பக்கிரிசாமி முதல் திருகாணியை வைத்தான்.

நவமணி, மூணு.

தெளிவாக. பலகைக்கு அடியிலிருந்து.

"நிறுத்துங்க," என்றாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோரும் திரும்பியதிலிருந்து, ரொம்பச் சத்தமாக இருந்திருக்க வேண்டும். "அவர் கூப்பிடறாரு. மூணு சொல்லிட்டாரு. திறங்க."

ருக்குமணி ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். டாக்டர் பார்த்தாச்சும்மா, ராத்திரி முழுக்க எல்லாரும் பக்கத்துலதானே இருந்தோம் என்றாள். நவமணி உதறினாள். பெட்டியின்மேல் கையை விரித்து வைத்துக்கொண்டாள். அடியில் அதிர்வு இருக்கிறதா? இருக்கிறது. உறுமி. எல்லாப் பலகையிலும் உறுமி.

நவமணி, நாலு.

"உனக்குக் கேக்கலியா? பக்கிரி, உனக்கு? ஆயிஷாக்கா, நேத்து உங்களுக்குக் கேட்டுச்சே."

ஆயிஷா முகத்தை மூடிக்கொண்டாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. அப்போது நவமணி இரண்டு வருஷமாக வராத வார்த்தையைச் சொன்னாள். எதைச் சொன்னால் நம்புவார்கள் என்று தேடி, தன்னிடம் இருந்த மிகப் பெரிய உண்மையை எடுத்துப் போட்டாள்.

"எனக்குக் காது கேக்காது, ருக்கு. ரெண்டு வருஷமா கேக்காது. நீ பேசுறது, யாரு பேசுறதும் கேக்காது. கடுதாசி அரிசி டின்னுக்குக் கீழ இருக்கு, போய்ப் பாரு. ஆனா இது கேக்குது. அப்பா குரல் கேக்குதுடி."

சொல்லி முடித்ததும் மகளின் முகம் மாறியது. அதில் இருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டதை நவமணி பார்த்தாள். செவிடிக்கு எப்படிக் கேட்கும்? பெட்டிக்குள்ளிருந்து, மற்ற யாருக்கும் கேட்காதது? ருக்குமணி அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய உதடுகள் இரண்டே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னதை நவமணி ஓரக்கண்ணால் படித்தாள்.

சரிம்மா. சரி.

பெட்டி படி இறங்கியது. ஒவ்வொரு படியும் பாதத்தில் அதிர்ந்தது. ஆண்கள் போனார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. அவளை இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்து, கூடத்தைக் கழுவிவிட்டார்கள். தண்ணீர் பலகை இடுக்கில் ஓடியது. யாரோ காப்பி கொண்டுவந்து வைத்தார்கள்.

நவமணி, ஏழு.

வண்டி பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம். ரோட்டில் ஜாம் இருந்தால் இன்னும் கூட. அங்கே போய்ச் சடங்கு. எத்தனை மணிக்குத் தீ வைப்பார்கள்? அவள் அடுப்படியில் போய்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். குரல் தூரமாகப் போகவில்லை. பெட்டி போனது, குரல் போகவில்லை. பின்கழுத்துக்கு ஒரு சாண் தூரத்திலேயே நின்று, அவசரமில்லாமல், நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று எண்ணிக்கொண்டே இருந்தது.

முப்பது. முப்பத்தொண்ணு.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை நாள் பயந்து ஓடிய ஒன்றைக் காலில் விழுந்து கேட்க வேண்டிய யோசனை. தீ வைத்த பிறகும் இது எண்ணிக்கொண்டிருந்தால் இது அவர் இல்லை. டாக்டர் சொன்ன சத்தம். மூளை உண்டாக்குகிற சத்தம். அவர் நேற்றே போய்விட்டார், வலியில்லாமல், குளியலறையிலேயே. அப்படியென்றால் பிழைத்தேன். நிற்காமல் எண்ணு. ராத்திரி முழுக்க எண்ணு. நான் சாகிற வரைக்கும் காதுக்குள் உட்கார்ந்து எண்ணு, சாமி. நின்றுமட்டும் விடாதே.

எழுபது.

ருக்குமணி வந்து தலையைத் தடவினாள். கையில் அரிசி டின்னுக்கு அடியிலிருந்த கடிதம். ஏம்மா சொல்லல என்று கேட்டது அவள் வாய். நவமணி அவளைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

நாலு நாப்பது. தொண்ணூறு.

அவள் கூடவே உதட்டை அசைத்தாள். குழந்தைக்கு எண்ணச் சொல்லிக்கொடுப்பது போல. அடுத்தது. சொல்லுங்க. அடுத்தது.

அஞ்சு மணி. நூத்திப் பத்து. குரல் மாறியிருந்தது. மூச்சு வாங்கியது. பெயரை முழுசாகச் சொல்லவில்லை.

அஞ்சு ரெண்டு. சொல்லுங்க.

அஞ்சு நாலு.

மணி, நூத்திப் பதினாலு.

அவள் காத்திருந்தாள். முள் நகர்ந்தது. இன்னொரு தடவை நகர்ந்தது. ஒன்றும் இல்லை. அதோடு இன்னொன்றையும் கவனித்தாள். இரைச்சல் இல்லை. இரண்டு வருஷமாகக் காதுக்குள் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றுபோயிருந்தது. ஒன்றுமே இல்லை. சொல்லுங்க என்றாள். தோ வர்றேங்க, சொல்லுங்க. தன் குரலும் அவளுக்குக் கேட்கவில்லை.

ஆறரை மணிக்கு ஆண்கள் திரும்பி வந்தார்கள். பலகை அதிர்ந்தது. பக்கிரிசாமி தலை ஈரமாக, கால் கழுவிக்கொண்டு மேலே வந்தான். மனைவி சொல்லியிருக்க வேண்டும். அத்தைக்கு நேரே வந்து மண்டிபோட்டு, விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்தான். அவனுக்கு மீசை கிடையாது. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எத்தனை மணிக்கு என்று.

அவன் யோசித்தான். பிறகு, அவளுக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாக, உதட்டை நன்றாகத் திறந்து சொன்னான்.

"ஜாம்ல மாட்டி லேட்டாயிருச்சு, அத்தை. அஞ்சுக்கு மேலதான் வச்சாங்க. அஞ்சு நாலு, அஞ்சு அஞ்சு இருக்கும். பண்டாரம் மணி பாத்தாரு."

நவமணி தலையாட்டினாள். சரி, சரி என்றாள். இந்தத் தடவை அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருந்தது.